ஆஸ்பத்திரிச் சாமியும் எங்க ஊர்ச் சாமியும்

சிமெண்டுத் தரையில் அந்த பூட்ஸ் சத்தம் கேட்டால் போதும்... வார்டில் இருமல்கூட அடங்கிவிடும். ஃபினாயில் வாசம் எங்கே வந்தாலும் எனக்கு அந்தச் சத்தமும் சேர்ந்தே கேட்கும்.

வருவது ஆஸ்பத்திரிச் சாமி, ஆஸ்பத்திரிக்கென்றே இருந்த பாதிரியார். அவருக்கென்று பங்குக் கோயில் கிடையாது, திருவிழா கிடையாது. நோயாளிகளைப் பார்ப்பது ஒன்றே வேலை. அதற்கென்றே தனியாகப் படித்தவர். ஆனால் ஜனங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவர் கழுத்தில் ஊதாப் பட்டையைப் போட்டால் அவஸ்தைப் பூசுதல், சாகக் கிடப்பவருக்கு எண்ணெய் பூசும் சடங்கு. அதற்குப் பிறகு ஆள் தேறுவதில்லை.

அறுபதுகளின் தொடக்கம். எட்டாவதோடு பள்ளியை விட்டு வீட்டில் இருந்த என்னைத்தான் அப்பாவுக்குத் துணையாகப் புதுக்கோட்டைக்கு அனுப்பினார்கள். யாரையும் முகம் பார்த்துப் பேசமாட்டேன் அப்போது.

அப்பாவுக்கு நெஞ்சில் நீர். அதைவிடப் பாரம், சித்தப்பா. சேர்ந்து வெட்டிய கிணற்றில் தண்ணீர் முறைக்காகச் சண்டை போட்டு, இருவரும் பேசியே பல வருஷம். போவதற்குள் தம்பியிடம் ஒரு வார்த்தை பேசிவிடத் தவித்தார்.

"நம்ம சாமி வரட்டும். அவருதான் அவனக் கூட்டியாருவாரு."

ஆவூர்ப் பக்கம் எங்கள் பங்குச் சாமிக்கு எல்லாமே வேலைதான். பூசை, பள்ளிக்கூடம், வரப்புத் தகராறு, மாட்டு வைத்தியம்... "என்னப்பா, கோழி அடிச்சியாமே, எனக்குச் சொல்லவே இல்ல?" என்றுதான் வீட்டுக்குள் நுழைவார். யாருக்கும் பயம் வராது. ஆனால் எட்டு ஊருக்கும் அவர் ஒருவரே. திருவிழா முடிந்து வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

ஆஸ்பத்திரிச் சாமி தினமும் வந்தார். அப்பா தினமும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒருநாள் அந்தச் சாமி வராந்தாவில் என்னிடம் வந்தார். "நான் போனா எல்லாரும் செவத்தத்தாம்மா பாக்குறாங்க. ஒங்கப்பாட்ட எதப் பத்திப் பேசலாம்?"

"கெணத்தப் பத்திக் கேளுங்க சாமி" என்றேன், தரையைப் பார்த்தபடி.

கேட்டார். அப்பா மெல்லத் திரும்பினார். பாறை தட்டியது, வெடி வைத்தது, ராட்டினத்தில் தம்பியை இறக்கியது... பேசப் பேச முகத்தில் ரத்தம் ஊறியது.

"மொத ஊத்தப் பாத்தது எந்தம்பிதான் சாமி. அவன்ட்ட ஒண்ணு சொல்லணும்..."

சாகுமுன் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் என்று சாமி நினைத்திருப்பார். பழகிய கை பைக்குள் போயிற்று. ஊதாப் பட்டை வெளியே வந்தது.

அப்பா அதைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். மறுபடியும் சுவர்...

விடியற்காலையில் அப்பா போய்விட்டார்.

அன்று உச்சிப் பொழுதில் எங்கள் ஊர்ச் சாமி வந்து சேர்ந்தார், விராலிமலையில் பஸ் ஏறி, சித்தப்பாவையும் இழுத்துக்கொண்டு. சித்தப்பா கால்மாட்டில் நின்றார். "ஒன் மொறதாண்ணே... எந்திரி, தண்ணி எறைக்கணும்ல."

"நேத்தே நான் வந்துருக்கணும்" என்றார் ஊர்ச் சாமி. ஆஸ்பத்திரிச் சாமி பட்டையை மடித்துக்கொண்டே இருந்தார்.

போன மாதம் கண் ஆபரேஷனுக்குப் படுத்திருந்தேன். அங்கும் ஒரு ஆஸ்பத்திரிச் சாமி. பேண்ட் சட்டை, சத்தமில்லாத செருப்பு. "பாட்டி, எந்த ஊரு? சாப்டீங்களா?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஊர்ச் சாமியிடமும் இப்போது கார் இருக்கிறது, போன் செய்தால் வந்துவிடுகிறார். கிணறுதான் தூர்ந்துவிட்டது. ஆளுக்கொரு போர்வெல்.

சித்தப்பா சாகும்வரை, என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்... "அண்ணன் என்னதாம்மா சொல்ல வந்தாரு?"

"மொத ஊத்து வரைக்கும் சொன்னாரு சித்தப்பா..."

அதற்கு மேல் எனக்கும் தெரியாது.