வேப்பிலை கட்டிய படலைகள்

போர்க்காலத்தில் பனிச்சங்கேணிப் பக்கம் வீடு வீடாகப் போய், பிள்ளைகளுக்கு வரும் நோய்களைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தேன். ஓர் ஒழுங்கையில் எல்லா வீட்டு வாசல் படலைகளிலும் வேப்பிலை கட்டியிருந்தது. அம்மை இவ்வளவு பரவியிருக்கிறதா என்று வியந்து, முதல் வீட்டுப் பெண்ணிடம் யாருக்கு வருத்தம் என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "ஒருத்தருக்கும் இல்ல சேர். வேப்பிலையக் கண்டா ஆமிக்காரங்க உள்ளுக்கு வரமாட்டாங்க. வீட்டில குமர்ப்பிள்ளை இருக்கு."

"அப்ப எல்லாருக்கும் சுகந்தானா?"

"மகளுக்கு இருமல். இருமலுக்கு ஆர் பயப்பிடுவாங்க?"

அதை விசாரிக்கப் படலையைத் தள்ளினேன். அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சந்தியிலிருந்த ஆமிக் காவலரணைக் கண்ணால் காட்டினார்.

"நீங்க உள்ளுக்கு வந்தா, அம்மை இல்லையெண்டு அவங்களுக்கும் விளங்கிரும்."

இருமலைப் பற்றி ஒழுங்கையில் நின்றபடியே கேட்டேன்.