குழந்தைவேலின் வலது கை

வாய்க்கால் கரையில் நடந்துகொண்டே குனிந்து ஒரு கல்லை எடுப்பார் குழந்தைவேல். உள்ளங்கையில் இரண்டு தரம் தூக்கிப் போட்டுப் பிடிப்பார், வீசுவார். அது தண்ணீரில் விழும் முன்பே அடுத்த கல்லுக்குக் குனிந்திருப்பார். பாகூர் ஏரித் தண்ணீரைச் செலியமேட்டு வயல்களுக்குத் திருப்பிவிடுவது அவர் வேலை. ஐம்பது வயதாகிறது, இன்னும் அவர் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்து பார்த்தவர் ஊரில் கிடையாது. சோறுகூட நின்றுகொண்டுதான். "கையில இன்னா பேயா பூந்துகினு கீது? செத்த நேரம் சும்மா இரேன்யா" என்று அவர் மனைவி தையலம்மாள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள்.

வேலையில் ஆள் கெட்டி. யாருக்கு முதல் தண்ணீர், யாருக்கு அப்புறம் என்று கண் மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடுவார். பெரிய மிராசுதார் வந்து நின்றாலும் அதே பேச்சுதான். "உங்க பயிரு நாளிக்கு வரிக்கும் தாங்கும். அவுங்குளுது தாங்காது. போய்ட்டு வாங்க." மண்வெட்டியால் இரண்டு கொத்து மண்ணை அள்ளி மடையில் போட்டுவிட்டு நடையைக் கட்டுவார்.

அவருக்கு முன்னால் ஓடுவது செவலை என்கிற நாய். நண்டு வளை தோண்டினால் கரை கசியும். கசிவு மனிதக் கண்ணுக்குத் தெரியும் முன்பே செவலைக்குத் தெரிந்துவிடும். நின்று குரைக்கும், தானே மண்ணைப் பறித்து நண்டைக் கவ்வி வெளியே போடும். கரை உடையாமல் இருப்பதில் பாதிப் புண்ணியம் அந்த நாயுடையது என்பதை அவரே ஒப்புக்கொள்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மடையோரம் நண்டு ஒன்று ஏறியது. குழந்தைவேல் கல்லை வீசினார். அதே நொடியில் செவலையும் பாய்ந்தது. கல் வாயில் பட்டு அதன் மேல்வரிசைக் கோரைப்பல் பாதியில் முறிந்து, நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது.

அன்று முதல் மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "கல்ல கடிச்சிட்டுது" என்றார். தையலம்மாளிடமும் அதையேதான் சொன்னார். அவள் கிராம்பை நசுக்கி மஞ்சளோடு வைக்கச் சொன்னாள். காலையில் வைத்தார், மத்தியானம் துடைத்துவிட்டு வேப்பெண்ணெய் தடவினார். கொல்லர் கண்ணையன் இரும்புக் குறட்டைத் தட்டிக் காட்டி, "ஒரே இழுப்பு. கொண்டா" என்றார். குழந்தைவேல் இரண்டு தரம் நாயோடு போய், இரண்டு தரமும் பட்டறை வாசலிலிருந்தே திரும்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை செவலை கஞ்சியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு தவளக்குப்பத்துக்கு நடந்தார். அங்கே ஆரோக்கியம் இருந்தார். புதுச்சேரியில் முசே என்று கூப்பிடப்படும் பிரெஞ்சுத் துரை ஒருவரின் லாயத்தில் வெகுகாலம் குதிரை பார்த்தவர், பல் வைத்தியமும் கொஞ்சம் தெரிந்தவர்.

ஆரோக்கியம் செவலையின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"கோரப்பல்லுக்கு வெளிய தெரியறதவுட உள்ள இருக்கிற வேருதான் நீளம். இழுத்தா தாட எலும்பு ஒடைஞ்சாலும் ஒடைஞ்சிடும். இழுக்காம வுட்டா சீழு கண்ணுக்கு ஏறிடும். இன்னா பண்ணலாம், சொல்லுப்பா."

குழந்தைவேல் வாசலில் கிடந்த மாட்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து ஒரு கல்லை எடுத்தார். அதைப் பார்த்தார், கீழே போட்டார்.

"நீயே சொல்லிடேன், அண்ணே."

"நாயி உன்னுது. நான் எப்படிச் சொல்றது?"

ஊர்த் தண்ணீருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்கிறவர் வண்டியை இன்னொரு சுற்றுச் சுற்றினார். ஆரோக்கியம் நாயின் தலையைத் தடவியபடியே கேட்டார்.

"அப்பிடி இன்னாத்த கடிச்சிது?"

"கடிக்கல அண்ணே. நான் போட்ட கல்லு." நாலு நாளாக நெஞ்சில் கிடந்தது அது. வெட்கமாகவும் இருந்தது, பாரம் குறைந்தது போலவும் இருந்தது. அப்புறம், மடையில் நின்று பேசுகிற குரலில் சொன்னார். "நாளிக்கு வரிக்கும் தாங்காது. புடுங்கிடு."

வாய் மூடாமல் இருக்கக் குறுக்கே எதையாவது கொடுக்க வேண்டும். ஆரோக்கியம் மூங்கில் துண்டு ஒன்றை எடுத்தார்.

"இத கடிச்சா மத்த பல்லும் போயிடுமே" என்றார் குழந்தைவேல்.

துணியைச் சுருட்டி வைத்துப் பார்த்தார்கள். செவலை தலையை உதறித் துப்பிவிட்டது.

குழந்தைவேல் மண்ணில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். நாயை மடியில் இழுத்து இடது கையால் அணைத்துக்கொண்டார். வலது கையை மடக்கி அதன் கடைவாயில் குறுக்கே கொடுத்தார்.

"ம், இழு அண்ணே."

குறடு பல்லைப் பற்றியது. செவலை கடித்தது. விரல் இடுக்கில் ரத்தம் வழிந்து முழங்கைக்கு இறங்கியது. கை அசையவில்லை.