புகை படிந்த செங்கல்

தூத்துக்குடியில் எங்கள் பழைய அடுப்படியை இடித்தபோது, இடிசலை அள்ளிக்கொண்டு போக ஒரு வண்டிக்காரரை அமர்த்தினேன். காலையில் துறைமுகத்துக்கு உப்பு மூட்டை ஏற்றிப் போய்விட்டு, அதே மாட்டுவண்டியோடு வருவார். மீசையில்கூட உப்பு படிந்திருக்கும். முழுச் செங்கல் எது கிடைத்தாலும் விரலை மடக்கித் தட்டி, காதருகே வைத்துக் கேட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுவார்.

“குப்பைக்கு என்ன சங்கீதம், அண்ணாச்சி? சீக்கிரம் அள்ளிட்டுப் போங்க” என்று விரட்டினேன்.

மறு வருஷம் சுற்றுச்சுவர் கட்டச் செங்கல் தேவைப்பட்டது. அவரே ஒரு வண்டி கொண்டுவந்து இறக்கினார். கொத்தனார் முன்னால் என் ஞானத்தைக் காட்டாமல் இருக்க முடியவில்லை. ஒரு கல்லை எடுத்து, அவரைப் போலவே தட்டிக் காதில் வைத்தேன்.

“இதுல்லா செங்கல். சூளையில எப்படி வெந்திருக்கு பாருங்க, ஒரு பக்கம் கறுத்தே போச்சு” என்றேன்.

“அது சூளையில வெந்தது இல்ல சார். உங்க அடுப்படிச் செவருதான். வீட்டுல அம்மா பொங்கின புகைல்லா அது” என்றார் வண்டிக்காரர்.

கொத்தனார் சிரித்தார். வண்டிக்காரர் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த கல்லை வாங்கி, மற்றவற்றோடு பத்திரமாக அடுக்கினார். அவரும் சிரித்திருந்தால் என்றைக்கோ மறந்திருப்பேன்.