உப்புத் தண்ணீரும் சாக்கு மறைப்பும்

குளிர்கிற மலையில் யாருக்கு வியர்க்கும் என்று கேட்பார்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். செடியின் ஈரம் படாமலிருக்க இடுப்பைச் சுற்றித் தடித்த பிளாஸ்டிக் தாளை இறுக்கிக் கட்டியிருப்பார்கள். வெளியே மூடுபனி, உள்ளே பாவாடையைப் பிழியலாம்.

எழுபதுகளின் கடைசியில் என் மனைவியும் அப்படித்தான் பறித்தாள். நான் அதே மலையில் கொழுந்து மூட்டை தூக்கினேன். காலையில் ஒரு குவளைத் தேநீர் குடித்தால், மாலையில் கொழுந்து நிறுத்து முடியும்வரை அவள் சொட்டுத் தண்ணீர் தொடமாட்டாள். பெண்கள் ஒதுங்க மலையில் இடம் கிடையாது. தாகத்தை அடக்குவதையே கெட்டிக்காரத்தனம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

ஒருநாள் இரண்டு கெண்டைக்காலும் இழுத்துக்கொண்டு சரிவில் விழுந்தாள். இன்னொரு முறை இப்படி உட்கார்ந்தால் பேரை வெட்டிவிடுவேன் என்றார் எங்களை மேய்க்கும் கங்காணி. வெட்டினால் வேலை போனது போனதுதான்.

தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் அவள் நாக்கைப் பார்த்தார், கைத்தோலைக் கிள்ளிப் பார்த்தார். வியர்வையோடு உடம்பின் உப்பும் போய்விடுகிறது, தண்ணீரும் உப்பும் குறைந்தால் சதை பிடித்துக்கொள்ளும் என்றார். ஆறவைத்த தண்ணீரில் கொஞ்சம் உப்பும் சீனியும் கலந்து குடிக்கச் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

வெளியே வந்ததும், "குடிச்சிட்டு எங்க போறது?" என்றாள்.

நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன். மறுநாள் உரச்சாக்குகளைத் தைத்து, செடிவரிசைக்குக் கீழ்ச்சரிவில் கம்பு நட்டு மறைப்புக் கட்டினேன். சற்றுத் தள்ளி ஒரு வாளியில் உப்புத் தண்ணீர் வைத்தேன்.

"அண்ணே அரமன கட்டிட்டாரு லா," என்றாள் ஒருத்தி. பெண்கள் சிரித்தார்கள். என் மனைவி தலைகுனிந்து போய் ஒரு குவளை குடித்தாள். பிறகு சிரித்தவளும் குடித்தாள்.

கங்காணி வந்து சாக்கைப் பிடுங்கி வீசினார். "இது தோட்டமாடா, கோப்பிக் கடையாடா?"

எனக்குக் காது சுட்டது. அவர் எதிரே போய் நின்றேன். "பொம்பளைங்க தண்ணி குடிப்பாங்க, கங்காணி. பேர வெட்டணும்னா மொதல்ல எம் பேர வெட்டுங்க."

சாக்கை எடுத்து வந்து அவர் முன்னாலேயே கட்டினேன். மறுநாளும் பிடுங்கினார். மறுநாளும் கட்டினேன். அதற்கடுத்த காலையில் நான் போவதற்குள் பெண்களே கட்டி முடித்திருந்தார்கள். யார் பேரை வெட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கீழ்வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி அவருக்குத் தெரியும்படி நிமிர்ந்து நின்று, குவளை காலியாகும்வரை குடித்தாள்.