அரக்கு முத்திரை வைத்த பை

போன வாரம் மருமகள் பீரோவின் அடித்தட்டை ஒழுங்குபடுத்தும்போது, பழைய காடாத்துணிப் பை ஒன்றைச் சோப்புத் தண்ணீர் வாளியில் போடப் போனாள். "அதை வை கீழே!" என்று நான் போட்ட சத்தத்தில் அரண்டுபோய்விட்டாள். ஒரு பைக்கா இந்த மனுஷன் இப்படிக் கத்துகிறார் என்று நினைத்திருப்பாள். பையின் வாயைக் கட்டியிருந்த சணலில் சிவப்பு அரக்கு ஒரு துணுக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதில் முத்திரை குத்தியவன் நான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் போடி நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்தேன். வேலை நிரந்தரமாகாத காலம். ஆணையர் தும்மினால்கூட எனக்குத் தூக்கிவாரிப் போடும். அப்போது ஊரில் உப்புக்கண்டம் போடும் அக்கா ஒருத்தி இருந்தாள். ஆட்டுக்கறியை விரல் நீளத்துக்குக் கீறி, உப்பும் மஞ்சளும் மிளகாயும் பிசறி, நூலில் கோத்துக் காயவைப்பாள். ஞாயிற்றுக்கிழமை இறங்கிவந்து திங்கட்கிழமை போடிமெட்டு ஜீப்பில் ஏறும் தோட்டத் தொழிலாளர்களுக்கு ஒரு வாரத்துக்கு அதுதான் கறி. "உணக்கெறச்சி அக்கா" என்று பாதி மலையாளத்தில் கூப்பிடுவார்கள். குடியிருக்கும் வீட்டில் இந்தத் தொழில் கூடாது, கடைவீதியில் முறையான இடம் பிடித்து அனுமதி வாங்கு என்று நகராட்சி அவளுக்கு நோட்டீஸ் கொடுத்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவனும் நானே.

அவளும் அசரவில்லை. ஜீப்பு நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையைப் பிடித்தாள். சிமெண்டுத் தரை போட்டாள், கழிவுநீர் ஓட வாறுகால் வெட்டினாள், ஜன்னலெல்லாம் கொசுவலை அடித்தாள். உடன் வேலைக்கு இரண்டு பெண்கள். குறை கண்டுபிடிக்கவே போன எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அகப்பட்டது பக்கத்துச் சுவர்தான். சுவருக்கு அந்தப்புறம் ஏலக்காய் மண்டி.

மண்டிக்காரர் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசத்தை இழுத்துக்கொள்ளும் காய் அது. கவுச்சி ஏறியது என்று ஏலத்தில் ஒருமுறை பேச்சு கிளம்பிவிட்டால், அப்புறம் அவர் மண்டிக்கு மலைக்காரன் எவன் லோடு இறக்குவான்? அக்காவோ ஆணையர் முன்னால் நிமிர்ந்து நின்று சொன்னாள்: "சார், பேசிக்கிட்டே இருந்தா ஆகுமா? ஒரு பை காயை எங்கடையில தொங்க விடுங்க. மூணு நாள் கெடக்கட்டும். வாசம் ஏறுச்சுன்னா நானே பூட்டிட்டுப் போறேன்."

ஆணையர் ஒத்துக்கொண்டார். மண்டிக்காரர் பை தந்தால் அக்கா சந்தேகப்படுவாள், அக்கா தந்தால் அவர் சந்தேகப்படுவார். "நீயே ஒரு பை கொண்டா" என்று ஆணையர் என்னிடம் சொன்னார். நான் பெரிய நியாயவான் மாதிரி, வீட்டுக் கொடியில் துவைத்துக் காய்ந்துகொண்டிருந்த பையை உருவிக்கொண்டு வந்தேன். மண்டிக் காயை அதில் போட்டுக் கட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைத்து, அக்கா கடையில் தொங்கவிட்டேன். மூன்று நாளும் நசநசவென்று சாரல்.

நாலாம் நாள் காலை ஆணையர் அறையில் பையைப் பிரித்தோம். மண்டியில் தரம் பார்க்கும் பெரியவர் ஒரு கை காயை அள்ளி, உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றி முகர்ந்தார். அக்கா சேலை முந்தியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெரியவர் முகத்தைச் சுளித்தார். "கவுச்சி அடிக்குதுங்க" என்றார்.

காய் கைமாறி என்னிடம் வந்தது. முகர்ந்தேன். என் வீட்டு அடுப்படி வாசம் அது! அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என் மனைவி தேனிச் சந்தையில் நெத்திலிக் கருவாடு வாங்கிவந்த பை. துவைத்தால் போய்விடும் என்று அவள் நினைத்திருக்கிறாள். நானோ நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அக்காவும் கை நீட்டி வாங்கி முகர்ந்தாள். "சார், இது கறி வாசமில்ல, கருவாடு. இருவது வருசமா கறியிலயே கெடக்குறேன், எனக்குத் தெரியாதா? எங்கடையில கருவாடு ஒரு துண்டு கெடையாது சார்!"

"கறியோ கருவாடோ, கவுச்சி கவுச்சிதான்" என்றார் மண்டிக்காரர்.

ஆணையர் என் பக்கம் திரும்பினார். "பை சுத்தமானதுதானே?"

ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். திட்டு விழுந்திருக்கும், வேறு பையில் மறுபடி பார்த்திருப்பார்கள். ஆனால் நிரந்தர வேலைக்கான என் கோப்பு அதே மேசையில் கிடந்தது. "சுத்தமான பைதான் சார்" என்றேன். குரல் நடுங்கக்கூட இல்லை, பாவி எனக்கு.

அக்கா பையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அனுமதி மறுத்து அன்றைக்கே உத்தரவு போட்டார்கள். சொன்ன சொல் தவறாமல் அவளே கடையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டாள். கூட இருந்த பெண்கள் இருவரும் காய் பறிக்க மலையேறிவிட்டார்கள். எனக்கு அந்த வருடமே வேலை நிரந்தரமானது. அந்தப் பையை மட்டும் துவைக்கவும் மனமில்லாமல், எறியவும் மனமில்லாமல் பீரோவின் அடித்தட்டில் போட்டுவைத்தேன்.

நாலைந்து வருடம் கழித்து ஒரு விசேஷத்துக்குக் குரங்கணி போனேன். ஜீப்பு ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டு, அக்கா உப்புக்கண்டம் விற்றுக்கொண்டிருந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். திரும்பி ஓடிவிடலாமா என்று பார்த்தேன், அதற்குள் கண்டுவிட்டாள். "வாங்க, இன்ஸ்பெக்டர் தம்பி. நல்லா இருக்கீகளா?" என்றாள். கோபமே இல்லாத குரல். அரைக் கிலோ கேட்டேன். நிறுத்தாள். கையில் கொண்டுபோயிருந்த வேறொரு பையை நீட்டினேன்.

அவள் அதை வாங்கி, வாயைப் பிரித்து, மூக்கருகே கொண்டுபோய் நிதானமாக முகர்ந்தாள். "இது நல்ல பை, தம்பி" என்று சொல்லிக் கறியை உள்ளே போட்டாள். செருப்பைக் கழற்றி அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மன்னிச்சிருங்கக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஜீப்பு வந்து, ஆட்கள் திமுதிமுவென்று இறங்கி அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் காசைக் கொடுத்துவிட்டு நடந்துவிட்டேன்.

அக்கா இப்போது உயிரோடு இல்லை. நேற்று மருமகளைக் கூப்பிட்டு அந்தப் பழைய பையைக் கொடுத்தேன். "கோபிச்சுக்காதம்மா, நல்லா அலசிப் போட்டுரு" என்றேன். அவள் அதை முகர்ந்து பார்த்தாள்.

"ஒரு வாசமும் இல்லையே மாமா. சுத்தமாத்தானே இருக்கு?" என்றாள்.

அன்றைக்கு ஆணையர் கேட்ட அதே கேள்வி. இந்தத் தடவை, "இல்லம்மா" என்றேன்.