தைலம் தடவிய விரல்

இது கட்டுக்கதை என்று நினைத்தால் ராத்திரி தனியாக உட்கார்ந்து படியுங்கள், அப்போது தெரியும். நடந்தது கிருபாகரனுக்கு. குடிக்காத ஆள். பொய்க்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம்.

மாமல்லபுரத்தில் கடல் சத்தம் கேட்கும் தெருவில் அவன் வாடகைக்கு வந்திருந்தான். ஒரே அறை. கட்டிலில் அம்மா சந்திரம்மா, பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. கீழே பாயில் அவன். பகலில் நாவலூரில் எலக்ட்ரீஷியன் வேலை. அந்த நேரம் எதிர்வீட்டுப் பெண் அனு வந்து அவன் அம்மாவைப் பார்த்துக்கொள்வாள். ராத்திரி முழுக்க அவன் பொறுப்பு.

அவனுக்கு ஒரே பயம். நாம் தூங்கும்போது அம்மா போய்விட்டால்? அதனால் அடிக்கடி எழுந்து அம்மாவின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பான். சூடாகக் காற்று பட்டால் "அப்பாடா" என்று படுப்பான். வயதானவர்களை வைத்திருக்கிற பலரும் செய்வதுதான், வெளியே சொல்ல மாட்டார்கள். தங்கச்சி சிநேகா கருங்குழியிலிருந்து போன் செய்வாள். "அம்மா எப்டி கீறாங்க? மாத்திர குட்த்தியா?" அவ்வளவுதான். நீ சாப்பிட்டியா என்று ஒரு வார்த்தை வராது. அது அவனுக்கு வலித்தது.

குடிவந்து பத்து நாள் இருக்கும். வழக்கம்போல விரலை வைத்தான். மூச்சு இருந்தது. கூடவே ஒரு வாசனை... நீலகிரித் தைலம். வீட்டில் தைலமே கிடையாது.

காலையில் அனுவைக் கேட்டான்.

"அம்மாவுக்குத் தைலம் தடவுனியா?"

"நானா? இல்லண்ணா. இன்னாத்துக்கு?"

அன்று கஞ்சி ஊட்டும்போது அம்மா வாய் குழறியபடி சொன்னாள். "ஒரு தபா மூச்சு பாத்துட்டுப் போற, சரி... ஒடனே இன்னொரு தபா இன்னாத்துக்குடா பாக்குற?"

அவன் எழும்போதெல்லாம் ஒரு தடவைதான் பார்ப்பான்.

அன்று ராத்திரி தூங்குவதில்லை என்று முடிவு செய்தான். கண்ணை மூடியபடி பாயில் கிடந்தான். இரண்டு இருபதுக்குக் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. கடல் மட்டும் இரைந்தது.

சர்... சர்...

வெறுங்கால் தரையில் உரசும் சத்தம். கட்டிலருகே நின்றது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மெல்ல ஒரு பெண் குரல்.

"அப்பாடா..."

சர்... சர்... இப்போது பாயை நோக்கி.

தைல வாசனை.

அவன் மூக்குக்குக் கீழே ஒரு விரல். ஐஸ் போல.

பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டான்.

விரல் நகரவில்லை. காத்திருந்தது.

பிறகு சட்டென்று விலகியது.

"ஐயோ..."

இரண்டு கைகள் அவன் தோளைப் பிடித்து உலுக்கின. பதறிப் பதறி உலுக்கின...

தாங்க முடியாமல் மூச்சை விட்டான்.

"அப்பாடா."

கண்ணைத் திறந்தான். யாருமில்லை. கதவு உள்ளே தாழிட்டபடி இருந்தது. அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் வீட்டுக்காரர் மோசஸிடம் ஓடினான். நடந்ததைச் சொன்னான்.

"உனக்கு மின்னாடி கவியான்னு ஒரு பொண்ணு இருந்துச்சு. அவங்க அப்பா உன் அம்மா மாரியே படுக்கைல. ராவெல்லாம் முழிச்சிகினு அவரு மூச்ச பாக்கும். தூக்கம் இல்லாம தலவலி, எப்பவும் கையில தைலம்தான்."

"அவரு எறந்துட்டாரா?"

"அவரு நல்லா கீறாரு. செங்கல்பட்டுல ஒரு ஹோம்ல. அந்தப் பொண்ணுதான்... தூக்கத்துல போயிட்ச்சு. மூச்சு இருக்குதான்னு பாக்க ஆளில்ல. கட்டில வுட்டு எறங்க முடியாம, விடியற வரிக்கும் கூப்டுகினே இருந்தாராம் அந்த மனுசன்."

"அந்தப் பொண்ணு எங்க படுத்திருந்துச்சு?"

மோசஸ் தரையைப் பார்த்தார்.

"நீ பாய் போடற எடத்துலதான்பா."

கிருபாகரன் வீட்டைக் காலி செய்யவில்லை. ஏன் என்று கேட்டால் சிரித்து மழுப்புவான். இப்போதும் சில ராத்திரி தைல வாசனை வரும். அவன் கண்ணைத் திறப்பதில்லை. அவள் பயந்துவிடக் கூடாதே என்று, கொஞ்சம் சத்தமாகவே மூச்சு விடுவான்.