ஆடிக் கூழுக்குப் பக்கத்தில் வைத்த கஷாயம்

வைத்தியரே, என் தம்பிக்கு இருப்பது மாற்றி வைத்த சிறுநீரகம் என்று தெரிந்தேதான் நீங்கள் அந்தப் பொடியைக் கொடுத்தீர்கள். தெரியாமல் நடந்துவிட்டது என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள். அவன் மனைவி உங்களிடம் கேட்டாள். மைக்கில் கேட்டாள். நீங்களும் மைக்கில்தான் பதில் சொன்னீர்கள். தெருவே கேட்டது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெங்களூரு மர்பி டவுனில் பிறந்து அங்கேயே இருப்பவர்கள். நான் கார்மெண்ட்ஸில் செக்கிங் வேலை பார்க்கிறேன். தம்பி ஆட்டோ ஓட்டினான். பிரஷர் இருந்ததே தெரியாமல் ஓட்டிக்கொண்டிருந்தான். தெரிந்தபோது இரண்டு சிறுநீரகமும் கெட்டுப் போயிருந்தது. டயாலிசிஸுக்கு அவனைக் கூட்டிப் போய்க் கூட்டி வந்து அவன் மனைவி பாதி ஆளாகிவிட்டாள். எனக்கு டெஸ்ட் எடுத்தார்கள், பொருந்தியது, கொடுத்தேன். இதற்காக யாராவது என்னிடம் தியாகம் என்று ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். அவன் செத்துக்கொண்டிருந்தான். என்னிடம் இரண்டு இருந்தது. அவ்வளவுதான்.

ஆபரேஷன் முடிந்து என்னை வீல்சேரில் அவன் இருந்த அறைக் கண்ணாடி வரை தள்ளிக்கொண்டு போனார்கள். உள்ளே போக விடவில்லை. அவன் போனில் பேசினான்.

"இன்னாக்கா, உன் கிட்னி வந்ததுலேருந்து எனக்கும் எல்லார் மேலயும் கோவம் கோவமா வருது."

"வாய மூட்றா. திருப்பி வாங்கிடுவேன்."

"குடுத்த பொருள திருப்பிக் கேக்கற வம்சமா நாம?"

சிரிக்கப் போய்த் தையல் இழுத்தது. அவனுக்கும் இழுத்திருக்கும். முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தான்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் டாக்டரிடம் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கூடப் பிறந்தவள் கொடுத்த உறுப்பு, அப்புறம் ஏன் ஆயுசு முழுக்க மாத்திரை? டாக்டர் கன்னடக்காரர். பாதி கன்னடமும் பாதி தமிழுமாகப் பொறுமையாகச் சொன்னார். ரத்தத்தில் இருக்கிற வெள்ளை அணுக்கள் உடம்பு முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்குமாம். உடம்பின் ஒவ்வொரு அணுவின் மேலும் ஒரு அடையாளம் உண்டு. அந்த அடையாளம் இருந்தால் விட்டுவிடும். இல்லையென்றால் அது வெளியாள், அழிக்கும். கிருமியை அப்படித்தான் அழிக்கிறது. என் சிறுநீரகத்தின் அடையாளம் அவனுடையதோடு ஓரளவுதான் ஒத்துப்போகிறது, முழுக்க இல்லை.

"நீங்க அக்கான்னு உங்க தம்பிக்குத் தெரியும்மா. அவர் ரத்தத்துக்குத் தெரியாது" என்றார்.

எனக்குச் சட்டென்று புரிந்தது. என் செக்கிங் டேபிளில் நடப்பதுதான் இது. எங்கள் லைனில் வேறொரு கம்பெனி லேபிள் வைத்த சட்டை கலந்து வந்தால், தையல் எவ்வளவு அழகாக இருந்தாலும் தூக்கி வெளியே போடுவேன். அது நல்ல சட்டையா என்பது என் வேலை இல்லை. நம்முடையதா என்பதுதான் என் வேலை. அவன் உடம்புக்குள் இருக்கிற செக்கிங்காரர்களும் தப்பு ஒன்றும் செய்யவில்லை. வேலையைச் செய்கிறார்கள். அவர்களைப் பாதித் தூக்கத்தில் வைத்திருக்கத்தான் மாத்திரை. முழுக்கத் தூங்கிவிட்டால் கண்ட கிருமியும் உள்ளே வரும். முழித்துக்கொண்டால் சிறுநீரகத்தைத் தூக்கி எறிவார்கள். ரெண்டுக்கும் நடுவில் அவனைக் காலமெல்லாம் நிறுத்தி வைக்க வேண்டும். அதற்காகத்தான் அடிக்கடி ரத்தம் எடுத்து மாத்திரையின் அளவைப் பார்க்கிறார்கள்.

இது எனக்குச் சொன்னது. தம்பி மனைவி அந்த நேரம் கீழே மருந்து வாங்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு நர்ஸ் சொன்னது வேறு. "இவருக்கு எதிர்ப்பு சக்தி ரொம்பக் கம்மியா இருக்கும். ஜாக்கிரதையா பாத்துக்குங்க." அதுவும் உண்மைதான். ஏன் கம்மி என்பதை மட்டும் அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அவள் பார்த்துக்கொண்டது போல் யாரும் பார்த்துக்கொள்ள முடியாது. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைத்துத்தான் கொடுப்பாள். தக்காளியைக்கூட வேக வைக்காமல் கொடுத்ததில்லை. அவன் தட்டையும் டம்ளரையும் வெந்நீரில் போட்டு எடுப்பாள். எங்கள் தெருவில் ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் பழமும் பிரெட்டும் வாங்கிக்கொண்டு எல்லோரும் வந்துவிடுவார்கள். கட்டிலில் குந்தி, கையைப் பிடித்துக்கொண்டு பேசினால்தான் அது விசாரித்ததாகக் கணக்கு. இவள் வாசலில் நின்று எல்லோரையும் திருப்பி அனுப்பினாள். எதிர்வீட்டு அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இன்னாமே, நாங்கல்லாம் கிருமியா? ராஜா வீட்டு வாசல்ல போலீஸ் வேற நிக்குது."

"ஆமாக்கா, போலீஸ்தான். செருப்பக் கழட்டாத, அப்படியே திரும்பு."

அந்த அக்கா ரொம்ப நாள் அவளிடம் பேசவே இல்லை.

ஆடி மாதம் வந்தது. புருஷன் பிழைத்தால் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். கோயில் வாசலில் அவள் காய்ச்சிய கூழ் அண்டா இருந்தது. அதற்குப் பக்கத்தில் கோயில்காரர்கள் உங்களுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். மழைக்காலம், எல்லார் வீட்டிலும் காய்ச்சல், நாட்டு வைத்தியர் இலவசமாகக் கஷாயம் கொடுக்கிறார் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? ஒரு கையில் கூழ், மறு கையில் கஷாயம். கோயில் வாசலில் ஊற்றுவதை எங்கள் ஜனங்கள் என்ன ஏது என்று கேட்டு வாங்குவதில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு குடிப்பார்கள். அது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் அந்த இடத்தைக் கேட்டு வாங்கினீர்கள் என்று நான் நினைக்கிறேன்.

அன்று எனக்கு லீவு கிடைக்கவில்லை. நீங்கள் பேசியதைப் பிறகு எனக்கு உங்கள் குரலிலேயே பேசிக் காட்டியது அந்த எதிர்வீட்டு அக்காதான். எதிர்ப்பு சக்தி குறைந்தால் எல்லா நோயும் வரும், அதை ஏற்றிக்கொண்டால் ஆஸ்பத்திரி பக்கமே போக வேண்டாம் என்றீர்கள். சீந்தில் பொடி, இங்கே அமிர்தபள்ளி என்பார்களே அதுதான், இன்னும் என்னென்னவோ சேர்த்தது என்றீர்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று மைக்கை நீட்டினீர்கள். அவள் முன்னால் வந்து வாங்கினாள். நாலு பேர் நடுவில் பேசிப் பழக்கமில்லாதவள்.

"ஐயா, எங்க வீட்டுக்காரருக்குக் கிட்னி மாத்தி வச்சிருக்கு. அவருக்கு எதிர்ப்பு சக்தி ரொம்பக் கம்மின்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. அவருக்கு இத குடுக்கலாமா?"

"அவருக்குத்தாம்மா மொதல்ல குடுக்கணும்! இங்கிலீஷ் மாத்திரை சக்தியை உறிஞ்சும். இது திருப்பிக் குடுக்கும். காலைல ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை."

ஜனங்கள் கை தட்டினார்கள். நீங்கள் அவள் கையில் பாக்கெட்டுகளைக் கொடுத்தீர்கள். அவள் உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தன் வேண்டுதல் கூழையே அவள் புருஷனுக்குக் கொடுக்கவில்லை. வெளியில் வைத்தது, ஈ மொய்த்திருக்கும் என்று அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு விட்டுவிட்டாள். உங்கள் பொடியை மட்டும் கொடுத்தாள். அதைக் கொதிக்க வைக்க முடியும் அல்லவா? ஆஸ்பத்திரி சொன்ன ஒரு விதியையும் அவள் மீறவில்லை.

அந்த மாதம் போய் அடுத்த மாதமும் பாதி போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியைப் பார்க்கப் போனேன். காலில் செருப்பு வாரின் தடம் பள்ளமாக இருந்தது. செருப்பைக் கழற்றி வெகுநேரமாகியும் அந்தத் தடம் போகவில்லை.

"கால் ஏன்டா வீங்கியிருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. உக்காந்தே இருக்கேன்ல."

"ஒண்ணுக்கு சரியா போறியா?"

"இன்னாக்கா நீ, வந்ததும் வராததுமா."

எழுந்து போய் அவன் அடிவயிற்றில் வலது பக்கம், என் சிறுநீரகம் இருக்கிற இடத்தில் கை வைத்தேன். லேசாகத்தான் அழுத்தினேன். ஸ்ஸ் என்று கையைத் தட்டிவிட்டான். அவனுடைய ஸ்டாண்டு ஆட்டோக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு போனோம்.

ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறியிருந்தது. சிறுநீரகம் வேலையைக் குறைத்துக்கொண்டால் அதுதான் ஏறும். டாக்டர் முதலில் கேட்டது, மாத்திரை விட்டுப் போனதா?

"ஒரு வேளை விடல சார். நானே கையில குடுத்து முழுங்கற வரைக்கும் நிப்பேன்" என்றாள் அவள்.

"வேற ஏதாவது குடுக்கறீங்களா?"

அவள் மறைக்கவில்லை. பையைத் திறந்து உங்கள் பாக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பெருமையோடு வைத்தாள்.

"இதுவும் குடுக்கறேன் சார். எதிர்ப்பு சக்திக்கு. நல்லா கொதிக்க வச்சுதான்."

டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டு, அன்று எனக்குச் சொன்னதை இப்போது அவளுக்குச் சொன்னார். மாத்திரை எதற்காக அந்தச் சக்தியைக் குறைக்கிறது, அது எழுந்தால் எதன் மேல் பாயும், எல்லாம். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அப்ப, கொறைக்கறதுதான் வைத்தியமா சார்?"

"ஹௌதும்மா. கொறைக்கறதுதான் வைத்தியம்."

அவள் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே வந்ததும் எனக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. என் கையும் எழுந்தது. அவள் நகரவில்லை, தடுக்கவில்லை. அழுதுகொண்டே கேட்டாள்.

"ரத்தம் கம்மின்னா ரத்தம் ஏத்தறாங்க. சக்கரை கம்மின்னா சக்கரை குடுக்கறாங்க. எல்லாத்தையும் கம்மின்னா ஏத்தத்தானே அண்ணி செய்றாங்க? இது மட்டும் கம்மியாவே இருக்கணும்னு எனக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. அவள் கேட்டது நியாயம். கையை இறக்கிக்கொண்டேன். அந்தக் கேள்வியை அப்படியே டாக்டரிடம் கொண்டுபோய்ப் போட்டேன். "நீங்களும் பாதிதான் சார் சொல்லி அனுப்பினீங்க" என்றேன். அவர், சரிதான், வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களை உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு நாங்கள் போகும்போதெல்லாம் புதிதாக மாற்றி வைத்துக்கொண்டவர்களின் வீட்டாரைக் கூப்பிட்டு உட்கார வைத்து அவர் பேசுவதைப் பார்க்கிறேன்.

ஊசியால், அவனுக்குள் இருக்கிற என் சிறுநீரகத்தில் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். உடம்பு அதை வெளியே தள்ள ஆரம்பித்திருந்தது. உங்கள் பொடியை நிறுத்தி, ஸ்டீராய்டு மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். அவன் முகம் பூசணி மாதிரி ஊதியது. "அக்கா, கண்ணாடில யாரோ வேற ஆளு நிக்கறான்" என்றான். சிறுநீரகம் தங்கியது. முழுசாக இல்லை. கிரியேட்டினின் இறங்கி ஒரு இடத்தில் நின்றது, பழைய இடத்துக்குப் போகவில்லை. போன பங்கு போனதுதான் என்றார் டாக்டர். இருப்பதைக் காப்பாற்ற வேண்டும்.

உங்கள் பொடிதான் காரணமா என்று அவரிடம் நேராகவே கேட்டேன். "அதுதான்னு அடிச்சு சொல்ல முடியாதும்மா. வேற காரணமும் இருக்கலாம். ஆனா இந்த மாதிரி ஆளுங்க தொடவே கூடாத பொருள் அது" என்றார். அவர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் இங்கே எழுதியிருக்கிறேன். உங்களைப் போல் தெரியாததைத் தெரிந்தது மாதிரி பேச எனக்கு வராது.

பிரேசர் டவுனில் இருக்கிற உங்கள் கடைக்கு வந்தேன். ஞாபகம் இருக்கும். வாசலில் நின்றே கேட்டேன், கடையில் ஆட்கள் இருந்தார்கள்.

"உள்ள வாங்கம்மா, உக்காந்து பேசலாம்."

"உள்ள எதுக்கு? இங்கயே பேசுங்க."

"மூலிகை யாருக்கும் கெடுதல் பண்ணாதும்மா. உங்க தம்பி மாத்திரைய விட்டிருப்பாரு. வீட்ல பொம்பளைங்க அளவு தெரியாம ஜாஸ்தி குடுத்திருப்பாங்க."

சொல்லிவிட்டு, ரொம்பச் சோர்வாக இருக்கிறீர்கள் என்று எனக்கும் ஒரு பாக்கெட்டை நீட்டினீர்கள்.

நீங்கள் அன்று சொன்ன அந்த வார்த்தை எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. பொம்பளைதான் அளவு தெரியாமல் கொடுத்தாள். புருஷனுக்கு அவளே ஊற்றிக் கொடுத்தாள். குழாயடியில் பேச்சு நின்றுபோகிறது அவள் போனால். அன்று உங்களுக்குக் கை தட்டிய அதே ஜனங்கள்தான். எதிர்வீட்டு அக்கா மட்டும் எல்லோரிடமும் சண்டை போடுகிறாள். "மைக்குல கேட்டாளே, நீங்கல்லாம் எங்க போயிருந்தீங்க? நானும் அங்கதானே இருந்தேன்" என்று. தம்பி, விடுக்கா விடுக்கா என்கிறான். அவள் அவனுக்கு மாத்திரை கொடுக்கும்போது இப்போது கை நடுங்குகிறது. கொடுத்துவிட்டு என்னிடம் போன் போட்டு, சரியாகத்தான் கொடுத்தேனா அண்ணி என்று கேட்கிறாள். என் தம்பியைக் காப்பாற்றி வைத்திருப்பது அந்தக் கைதான். அதை நடுங்க வைத்தது நீங்கள்.

ஆடி மறுபடி வருகிறது. கோயில்காரர்களிடம் பேசிவிட்டேன். கஷாயம் கிடையாது, மைக் உண்டு. அவள் கூழ் காய்ச்சுவாள். நான் லீவு போட்டுவிட்டு அவள் பக்கத்தில் நிற்பேன். நீங்கள் வாருங்கள். கடைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுகிற பேச்சு வேண்டாம். அதே இடத்தில், அதே ஜனங்களுக்கு முன்னால் நின்று சொல்லுங்கள். மாற்று சிறுநீரகம் என்று அவள் சொன்னது உங்கள் காதில் விழுந்ததா இல்லையா? அவன் என்ன மாத்திரை சாப்பிடுகிறான், எதற்குச் சாப்பிடுகிறான் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? அது தெரியாமல் எதை வைத்து, அவருக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்றீர்கள்? அவள் கேட்டுத்தான் கொடுத்தாள், நான் சொல்லித்தான் கொடுத்தாள் என்று தெரு கேட்கும்படி சொல்லுங்கள். மைக்கில் சொல்லுங்கள்.